மகாராஜாவுக்கு ஒரு மாற்று வயிறு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், கனகசேகரன் என்றொரு மகாராஜா இருந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் கத்துவார். கத்தி முடித்ததும் பசி வந்துவிடும். அண்டை நாட்டாரோடு பகையில்லை. ஆகவே அவருக்கு வேலையும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தார்; நாடு தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்தவர் வருடத்துக்கு வருடம் பருத்தார். அது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அரண்மனையில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் குளிக்கப் போகும் சமயம் பார்த்துத் தச்சர்கள் வந்து சிம்மாசனத்தின் கைப்பிடிகளை இரண்டு விரல் தள்ளிப் பொருத்திவிட்டுப் போவார்கள். தையற்காரர் அங்கியை ஒரு சாண் கூட்டித் தைத்து, "பழைய அளவேதான் மகாபிரபு" என்பார். பல்லக்குத் தூக்குவோர் நான்கு பேர் எட்டுப் பேராகி, எட்டுப் பேர் பதினாறு பேரானார்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "மகாராஜாவின் புகழ் கனக்கிறது" என்று பதில் வந்தது. புகழ் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்று ஒரு விகடகவி. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டி நிறுத்தியது போல இருப்பான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்களுக்குக் கை கடுக்கும். மற்றவர் ஓர் இலை சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரத்தில் மூன்று இலைச் சோற்றை உள்ளே தள்ளிவிட்டு, "பாயசம் இன்னும் வரவில்லையே" என்று கேட்பான். அவன் வீடு ஊருக்குள் இல்லை. ஆற்றைத் தாண்டி, ஒரு பாறைக் கரட்டை ஏறி இறங்கினால் வரும் கரட்டுமேட்டில், மாமனார் கொடுத்த குச்சுவீட்டில் இருந்தான். போக இரண்டு நாழிகை நடை, வர இரண்டு நாழிகை நடை. மனைவி வெள்ளையம்மாளுக்கு அப்போது ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம்.

மகாராஜாவைச் சிரிக்கவைக்கிறவன் மேல் மற்றவர்களுக்குப் பொறாமை வருவது உலக வழக்கம். அங்கே இரண்டு பேருக்கு அது அதிகமாகவே வந்தது. ஒருவர் பிரதானி சூரியமூர்த்தி. இளைய ராணி அவருடைய மகள். அதனால் அவருக்கு மீசை மற்றவர்களைவிட ஒரு விரற்கடை அதிகம். இன்னொருவர் அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர். நாடி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று நோயாளிக்குக் கடைசிவரை தெரியாது.

இப்படி இருக்கையில், கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு தூதர் வந்தார். முடிசூட்டு விழாவின்போது அளவெடுத்துப் போனது, பத்து வருடம் உட்கார்ந்து செய்தது என்று சொல்லி, ரத்தினம் பதித்த இடைக்கச்சை ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார். பிரதானி அதை எடுத்து மகாராஜாவின் இடுப்பில் கட்டப்போனார். இரண்டு முனைகளும் சந்திக்கவில்லை. நடுவில் ஒரு சாண் மகாராஜா இருந்தார்.

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடல் காற்று பட்டால் பொன் சுருங்கிவிடும், மகாபிரபு" என்றார்.

மகாராஜா பிச்சாண்டியைப் பார்த்தார். "சுருங்குமா?"

பிச்சாண்டி கச்சையை வாங்கித் தன் இடுப்பில் சுற்றினான். இரண்டு சுற்று வந்து மிச்சமும் தொங்கியது. "சுருங்கும் போலிருக்கிறது, மகாபிரபு. ஆனால் ஆள் பார்த்துத்தான் சுருங்குகிறது" என்றான்.

தூதர் சிரித்துவிட்டார். மகாராஜாவின் காது சிவந்துபோயிற்று. வெளியூர்க்காரன் முன்னால் மானம் போனால் உள்ளூரில் யார் தலையாவது உருளும். அன்று யார் தலையும் உருளவில்லை. ஆனால் ஆணை ஒன்று பிறந்தது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாளில், இந்தக் கச்சை தன் இடுப்பில் பூட்ட வேண்டும். அதற்கு ஏகாம்பரப் பண்டிதர் பொறுப்பு.

பண்டிதர் கண்ணை மூடினார், திறந்தார். "மதியம் ஒரு கரண்டி கஞ்சி, மாலை ஒரு கரண்டி கஞ்சி. வேறு ஆகாரம் கிடையாது" என்றார்.

இங்கே அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலை விரித்து, நீர் தெளித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து உண்பதுதான் அங்கே ஆகாரம். நின்றுகொண்டு தின்றது ஆகாரமில்லை. உள்ளங்கையில் வாங்கியது ஆகாரமில்லை. பிறர் வாயில் ஊட்டியது ஆகாரமே இல்லை. விரத நாளில் பட்டினி கிடக்கமாட்டாத ஏதோ ஒரு பாட்டனார் ஏற்படுத்தியது. நல்ல வழக்கமாக இருந்ததால் யாரும் மாற்றவில்லை.

ஆக, மகாராஜா இலையில் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். முதல் வாரம் அதோடு பொறுத்துக்கொண்டார். பிறகு பசி பொறுக்காமல் அவர் முனகியபோதெல்லாம் பண்டிதர் லேகியம் கொடுத்தார். நெய், தேன், வெல்லம், முந்திரி, பெயருக்குக் கொஞ்சம் சுக்கு. கோயிலிலிருந்து மூன்று வேளை பிரசாதம் வந்தது. சுவாமி கொடுத்ததை மறுக்க முடியுமா? கப்பம் கட்ட வந்த சிற்றரசர்கள் தங்கள் ஊர் அதிரசத்தை நீட்டினார்கள். மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்துக்கொள்ளாவிட்டால் சண்டை வரும். இளைய ராணி தன் கையால் பால்கோவா ஊட்டினாள். மறுத்தால் அதைவிடப் பெரிய சண்டை வரும்.

இப்படியே மண்டலம் போயிற்று. மகாராஜாவுக்கு உள்ளங்கை சில்லிட்டது. வெயிலில் உட்கார்ந்தும் குளிருகிறது என்றார். யானை ஏறுவதை விட்டார், தோட்டத்துக்குப் போவதை விட்டார், சபையில் கொட்டாவி விட்டார். இரண்டு கரண்டிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு உலகத்தின் மேல் எரிந்து விழுந்தார். நாற்பத்தெட்டாம் நாள் கச்சையைக் கொண்டுவந்தார்கள். இடைவெளி ஒரு சாணும் நான்கு விரலும் இருந்தது.

"பண்டிதரே" என்றார் மகாராஜா. அதுவே பண்டிதருக்குப் போதும். பிரதானியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பிரதானி முன்னால் வந்தார். "மகாபிரபு, பண்டிதர் மேல் குற்றமில்லை. நாற்பத்தெட்டு நாளும் தாங்கள் உண்டது இரண்டு கரண்டிக் கஞ்சி என்பதற்கு இந்தச் சபையே சாட்சி. சாப்பிடாதவர் உடம்பு பெருக்கிறது. அதோ, நாள்தோறும் மூன்று இலை சாப்பிடுகிறவன் உடம்பு ஒட்டிக் கிடக்கிறது. அவன் தின்ற சோறு எங்கே போயிற்று?"

பண்டிதருக்குச் சட்டென்று உயிர் வந்தது. "கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை கேள்விப்பட்டிருக்கிறோம். இது வயிறு விட்டு வயிறு பாயும் வித்தை. அவன் உண்கிறான், அது மகாராஜாவின் திருமேனியில் போய்ச் சேருகிறது. சந்தேகமில்லாமல் சூனியம்."

கேட்டவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மகாராஜா முட்டாள் அல்ல. ஆனாலும் காரணம் தன் வாய் என்று கேட்பதைவிட, அடுத்தவன் சூனியம் என்று கேட்பது அவருக்குச் சுகமாக இருந்தது. "பிச்சாண்டி, நீ என்ன சொல்கிறாய்?"

"அடியேனுக்குச் சூனியம் தெரிந்தால் முதலில் என் கடனையா உங்களுக்கு அனுப்புவேன், சோற்றையா அனுப்புவேன், மகாபிரபு?"

அன்று யாரும் சிரிக்கவில்லை. மகாராஜா எழுந்தார். "விளையாட்டு போதும். என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். காட்டு. என் உடம்பில் கத்தி படக்கூடாது, கை படக்கூடாது. நாளை மறுநாள் பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால், நீயும் உன் மனைவியும் கட்டிய துணியோடு எல்லை தாண்டிவிட வேண்டும்."

பிச்சாண்டி கரட்டை ஏறும்போது முதன்முறையாகக் கால் கனத்தது. தனக்கென்றால் பரவாயில்லை, எந்த ஊரிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்தால் நாலு கவளம் கிடைக்கும். ஏழு மாத வயிற்றுக்காரியை எல்லைக்கு அப்பால் இருக்கிற காட்டு வழியில் எப்படி நடத்திக் கூட்டிப்போவது? அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வெள்ளையம்மாள் முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் கை நின்றது, பிறகு மறுபடி முறத்துக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது.

"கச்சையக் குடுத்தா கையில வாங்கிட்டுப் பேசாம நிக்கிறது. அத எடுத்து இடுப்புல சுத்திக் காட்டணுமா? வாய் இருக்கே உங்களுக்கு, அத வச்சுத்தான் பொழைக்கிறோம், அதாலயே சாகவும் போறோம்."

"தப்புத்தான் புள்ள. நீ சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட்டேன். காலையில குடிச்ச கஞ்சிதான். அதுக்கப்புறம் பச்சத் தண்ணி பல்லுல படல."

பிச்சாண்டி முறத்தைப் பார்த்தான். மத்தியானம் அவன் மாமியார் முறம் நிறையப் பொரியும் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இப்போது நாலைந்து பொரியும் முறமும் மட்டும் இருந்தன.

"இது என்ன?"

"இதுவா? இது சாப்பாடாங்க? சும்மா வாய் நமநமன்னுது."

பிச்சாண்டி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். எல்லைக்குப் போகிற பயத்தில் புருஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அவள் அழுதாள். "நீ சும்மா தின்னு புள்ள, நல்லாத் தின்னு, உள்ள ஒருத்தரு வேலை செய்யுறாரு" என்று சொல்லிவிட்டு, அவன் இருந்த நாலு பொரியையும் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் சபையில் வந்து வணங்கி நின்றான். "மகாபிரபு, ஒரு சந்தேகம். தாங்கள் இளைய ராணியைத் திருமணம் செய்தபோது மணவறையில் இருந்தீர்களா?"

"இல்லை. அப்போது எனக்கு ஜலதோஷம். வழக்கப்படி என் வாளை அனுப்பினேன். வாளுக்கு மாலையிட்டார்கள்."

"அந்தத் திருமணம் செல்லுமா?"

பிரதானிக்கு மீசை துடித்தது. "என்ன கேள்வி இது? அரசருக்குப் பதில் அனுப்பிய பொருள் அரசரேதான். சாஸ்திரம் இருக்கிறது, சம்பிரதாயம் இருக்கிறது. செல்லாது என்று சொல்ல எவனுக்குத் தைரியம்?"

"எனக்கில்லை" என்றான் பிச்சாண்டி. "அப்படியானால் மகாராஜாவின் வயிற்றுக்கும் ஒரு பதில் பொருள் வைக்கலாம். அதுவும் மகாராஜாவின் வயிறேதான். பிரதானியார் வாக்கு."

பிரதானி வாயைத் திறந்தார். இல்லை என்றால் மகள் ராணியில்லை. வாயை மூடிக்கொண்டார்.

பிச்சாண்டி மடைப்பள்ளியிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தான். ஐந்தாறு அண்டாக்களில் கட்டிப் பார்த்து, அந்த ரத்தினக் கச்சை கச்சிதமாகப் பூட்டுகிற அண்டாவாகத் தேர்ந்தெடுத்திருந்தான். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பட்டு விரித்து அதை வைத்து, கச்சையைக் கட்டினான். மகாராஜாவின் வயிறு வெறுமனே இருக்கலாமா? குடை பிடிக்க ஓர் ஆள், சாமரம் வீச ஓர் ஆள் வந்தார்கள். சபைக்கு வந்தவர்கள் மகாராஜாவை வணங்கிவிட்டு அண்டாவையும் வணங்க வேண்டியதாயிற்று. பிரதானி வணங்கியபோது பிச்சாண்டி, "இன்னும் கொஞ்சம் குனியலாம், உள்ளே இருப்பது மகாராஜாவின் பசி" என்றான்.

"இன்று முழுதும் மகாராஜாவின் வாய்க்குள் என்னென்ன எவ்வளவு போகிறதோ, அதே அளவு இந்த வயிற்றிலும் போட வேண்டும். இலையில் உண்டதா, நின்று உண்டதா என்று அண்டாவுக்குத் தெரியாது. பாவம், அது சாஸ்திரம் படிக்கவில்லை."

முதலில் காலைப் பிரசாதம் வந்தது. ஒரு தொன்னைச் சர்க்கரைப் பொங்கல் மகாராஜாவுக்கு, ஒரு தொன்னை அண்டாவுக்கு. பிறகு பண்டிதர் லேகியக் கிண்ணத்தோடு வந்தவர், அண்டாவைப் பார்த்ததும் கிண்ணத்தை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏன் போகிறீர்கள், பண்டிதரே? அது மருந்துதானே?"

"மருந்துதான்."

"ஆகாரமில்லையே?"

"இல்லை. இல்லவே இல்லை."

"பிறகு கொடுப்பதற்கென்ன?"

பண்டிதருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. எலுமிச்சை அளவில் ஒன்பது உருண்டை. எண்ணி எண்ணி அண்டாவிலும் ஒன்பது விழுந்தது. மகாராஜாவுக்கோ அன்று பசி அதிகம்; ஓரக்கண்ணால் அண்டாவைப் பார்த்துக்கொண்டே தின்றார். வெயில் ஏறியதும் பானகம். சிற்றரசர் இருவர் வந்தார்கள். அதிரசம் ஏழு, எள்ளுருண்டை பத்து. மதியம் இலையில் ஒரு கரண்டி கஞ்சி விழுந்தபோது, "வாருங்கள், கஞ்சியாரே, இன்றைய ஒரே ஆகாரம் நீங்கள்தான்" என்று பிச்சாண்டி அதை வரவேற்றான். பிறகு உச்சிப் பிரசாதம், ஒரு குவளை நெய்ப்பால், இளைய ராணியின் பால்கோவா, மறுபடியும் லேகியம், வடை, இன்னும் ஒரு வடை. மாலைக் கஞ்சியை ஊற்றும்போது அண்டாவின் கழுத்துவரை வந்துவிட்டது.

"மகாபிரபு, எழுந்து வந்து பாருங்கள். கத்தி படவில்லை, கை படவில்லை. இதுதான் தங்கள் வயிறு."

மகாராஜா எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபோது எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. "இவ்வளவுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"அவசரப்படாதீர்கள். வரவு மட்டும் பார்த்தால் எப்படி, செலவும் இருக்கிறதே." பிச்சாண்டி ஒரு பெரிய கரண்டியை எடுத்தான். "பண்டிதரே, தூங்குகிறவன் உடம்பு சுடுமா, சில்லென்றிருக்குமா?"

"உயிரோடிருந்தால் சுடும்."

"விறகில்லாமல் எந்த அடுப்பாவது சுடுமா?"

பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டார். "சுடாது."

"மகாராஜா சும்மா படுத்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வந்து போகிறது, குடல் அரைக்கிறது, இரத்தம் ஓடுகிறது. இந்த நாட்டில் ஓய்வில்லாமல் உழைப்பவை இவைதான். இவற்றுக்குப் பட்டம் பதவி எதுவுமில்லை. இது அவற்றின் கூலி." கரண்டி கரண்டியாக அள்ளிப் பக்கத்தில் ஒரு தவலையில் போட்டான். அண்டாவில் பாதி குறைந்தது. மகாராஜாவுக்கு முகம் தெளிந்தது. சும்மா இருப்பதற்கே இவ்வளவு செலவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனி மற்ற செலவு. இன்று என்னென்ன வேலை செய்தீர்கள், மகாபிரபு?"

"கட்டிலிலிருந்து நீராடும் மண்டபத்துக்குப் போனேன்."

"பல்லக்கில். ஏறி இறங்கியதற்கு அரை வடை."

"அங்கிருந்து சபைக்கு வந்தேன்."

"அதற்கும் அரை வடை."

"எல்லைத் தகராறு ஒன்றைத் தீர்த்துவைத்தேன்."

"விரலை அசைத்தீர்கள், பிரதானியார் தீர்த்துவைத்தார். ஒரு எள்."

"உன் மேல் கோபப்பட்டேன்."

"அது நல்ல உழைப்பு. ஒரு அதிரசம் எடுத்துக்கொள்கிறேன். தினமும் கோபப்பட்டால் இளைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்குப் பின் தங்களுக்குப் பசி வருகிறது, இரண்டு அதிரசம் உள்ளே போகிறது."

சபையில் யாரோ களுக்கென்றார்கள். பிச்சாண்டி கரண்டியைக் கீழே வைத்தான். அண்டாவில் கால்பங்கு மிஞ்சியிருந்தது. "இந்த மிச்சம் எங்கே போகும்? உடம்பு எதையும் தெருவில் கொட்டாது." சொல்லிவிட்டு, கச்சையைக் கழற்றி, அள்ளி அள்ளி அண்டாவின் வெளிப்புறத்தில் அப்பினான். லேகியம் கலந்திருந்ததால் நன்றாக ஒட்டியது. அப்பி முடித்துவிட்டு மறுபடி கச்சையைக் கட்டினான். காலையில் கச்சிதமாகப் பூட்டிய கச்சை இப்போது நான்கு விரல் பற்றவில்லை.

மகாராஜாவின் முகம் கறுத்தது. "நான் பட்டினி கிடந்ததாக அல்லவா நினைத்தேன். கை சில்லிட்டது, உடம்பு ஓய்ந்தது. அது பொய்யா?"

இங்கே பிச்சாண்டி விளையாட்டுக் குரலை விட்டான். "பொய்யில்லை, மகாபிரபு. அதுதான் தங்கள் உடம்பு பட்ட பாடு. எப்போதும் வருகிற சோறு திடீரென்று நின்று போனதும் முதல் வாரம் அது பயந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு மழை பொய்த்தபோது நம் பிரதானியார் என்ன செய்தார்? தெரு விளக்கை அணைத்தார், காவலாளைப் பாதியாகக் குறைத்தார், களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டார். தங்கள் உடம்பும் பஞ்சம் என்று நினைத்து அதையே செய்தது. அடுப்பைத் தணித்தது, கை சில்லிட்டது. நடக்காதே உட்கார் என்றது, கொட்டாவி வந்தது. பிறகு லேகியம் வந்ததும், இனி எப்போது கிடைக்குமோ என்று வந்ததையெல்லாம் களஞ்சியத்தில் பூட்டியது. மழை வந்த பிறகும் பிரதானியார் பூட்டைத் திறக்க எத்தனை மாதமாயிற்று? உடம்பும் அப்படித்தான். சேர்த்ததை லேசில் விடாது."

பிரதானி இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை மெல்ல அங்கவஸ்திரத்தால் மூடிக்கொண்டார்.

"அப்படியானால் நீ?" என்றார் மகாராஜா. "நீ மூன்று இலை தின்கிறாயே. உன் களஞ்சியம் எங்கே?"

"அடியேன் உடம்பு பிறவி ஊதாரி. என் அப்பனும் இப்படித்தான், அவர் அப்பனும் இப்படித்தான். குடும்பச் சொத்து என்று எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். தங்கள் வம்சத்து உடம்பு சிக்கனமானது. படங்களில் பாருங்கள், முன்னோர் எல்லோருக்கும் இதே தொந்தி. அது குற்றமில்லை, சுபாவம். நானும் அந்தச் சிக்கன உடம்போடு பிறந்திருந்தால் தொந்திக்காரன்தான். ஆனால் நாள்தோறும் கரட்டை ஏறி இறங்கி நாலு நாழிகை நடக்கிறேன். மூன்று இலையில் ஓர் இலை அந்தக் கரட்டில் போய்விடுகிறது. சூனியம் அவ்வளவுதான்."

மகாராஜா வைத்தியரைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். மகாராஜா ஒரு சொல் சொன்னால் வெள்ளையம்மாள் காட்டு வழியில் நடக்க வேண்டியதுதான். மகாராஜாவின் பார்வை அண்டாவில் வந்து நின்றது. மேலே வெண்கொற்றக்குடை, இரண்டு பக்கமும் சாமரம், இடுப்பில் பூட்டாத ரத்தினக் கச்சை, உடம்பெல்லாம் பொங்கல். அசப்பில் அவரைப் போலவே இருந்தது.

மகாராஜாவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என் வயிற்றை என்னிடமே காட்டிவிட்டான், பாவி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேள் பிச்சாண்டி. பொன்னா, நிலமா, என்ன வேண்டும்?"

"மகாபிரபு, என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். தினம் ஒரு செம்பு அரண்மனைப் பசுவின் பால் வேண்டும். பிள்ளை பிறந்து, அது எழுந்து நடக்கும்வரை."

"இவ்வளவுதானா? ஆள் மூலம் அனுப்புகிறேன்."

"ஆள் வழியில் குடித்துவிடுவான். மகாராஜாவின் திருக்கையால் என் வீட்டு வாசலில் கிடைக்க வேண்டும். பல்லக்கும் வேண்டாம், பதினாறு பேர் குலுக்குவதில் பால் சிந்திவிடும்."

மகாராஜா அவனை உற்றுப் பார்த்தார். "நீ பரிசு கேட்கிறாயா, வைத்தியம் பார்க்கிறாயா?"

"வைத்தியம் என்றால் பண்டிதர் கோபித்துக்கொள்வார். பரிசு என்றே இருக்கட்டும்."

கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? மறுநாள் காலை மகாராஜா செம்பும் கையுமாகப் புறப்பட்டார். மகாராஜா நடந்தால் பிரதானியும் வைத்தியரும் பின்னால் நடக்க வேண்டும். அதுவும் ஒரு சம்பிரதாயம்தான். முதல் நாள் கரட்டில் ஏழு இடத்தில் உட்கார்ந்தார்கள். பத்து நாளில் அது நாலாயிற்று. மதியத்தில் மகாராஜா இலை போட்டு வயிறு நிறையச் சோறே சாப்பிட்டார். பிறகு யார் எதை நீட்டினாலும் அவர் கண் தானாக அண்டாவைத் தேடிற்று. கை சில்லிடுவது நின்றது. தூக்கம் வந்தது. கோபம் குறைந்துபோனதால் தையற்காரர்கூடத் தைரியமாக உண்மையான அளவைச் சொன்னார். கச்சை மட்டும் முரண்டு பிடித்தது. முதல் மண்டலத்தில் இரண்டே விரல் இறங்கியது. வெள்ளையம்மாளுக்குப் பெண் பிறந்தபோது இன்னும் ஒரு சாண் பாக்கியிருந்தது. மகாராஜா அந்த இடைவெளிக்கு ஒரு பட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதோடு சபையில் கூச்சமில்லாமல் உட்கார்ந்தார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆன சமயம். ஒருநாள் காலையில் பிரதானி மகாராஜாவை முந்திக்கொண்டு கரட்டுமேட்டுக்கு வந்து சேர்ந்தார். கால் வீங்கியிருந்தது, மீசை தொங்கியிருந்தது. மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்துப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

"அரண்மனைக்கு நேர் எதிரில் என் மூன்று கட்டு வீடு. கிணறு இருக்கிறது, தொழுவம் இருக்கிறது. உங்களுக்கே எழுதிவிட்டேன். தயவுசெய்து இன்றே குடிவந்துவிடுங்கள்."

பிச்சாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளையம்மாள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கேட்டாள். "அங்க வந்துட்டா மகாராஜா பாலு கொண்டாற எம்புட்டு தூரம் நடக்கணும், சாமி?"

"எட்டே அடி தாயே, எட்டே அடி" என்றார் பிரதானி ஆசையோடு.

"அது அவருக்கு ஆகாதுங்களே. புள்ளையும் இப்பத்தான் குப்புற விழுது. எந்திரிச்சு நடக்க இன்னும் ஒரு வருசமாவது செல்லும். அதுவரைக்கும் இங்கேயே இருந்துக்கிறோம்."

வேலிக்கு அப்பால் செம்போடு வந்து நின்ற மகாராஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்ததில் செம்பிலிருந்த பால் பூராவும் தரையில் போயிற்று.

"பால் சிந்திவிட்டதே, மகாபிரபு" என்றான் பிச்சாண்டி. "வாக்குப்படி வேறு பால் வர வேண்டுமே."

மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முற்றத்து வேப்பமர நிழலில் சாவகாசமாக உட்கார்ந்து, காலிச் செம்பைப் பிரதானியிடம் நீட்டினார்.